தோளைத் தொட்டு எண்ணிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

என் கால்வலி பரவாயில்லை. பலா நன்றாகக் காய்த்திருக்கிறது.

உகாண்டாவில் ஊர்த் தலைவர் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு கிடையாது. வேட்பாளருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறோம், எல்லார் கண்முன்னும் நடப்பதால் பொய் நுழையாது என்று பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் இருபது வருடம் சொல்லிக்கொடுத்தோம்.

பள்ளி மைதானத்தை விற்க விடமாட்டேன் என்ற நங்கோபியின் வரிசை நேற்று தேவாலயத்தைத் தாண்டியது. கடைக்கார முக்கெம்போவின் வரிசை அடிகுழாய்க்கு முன்பே முடிந்தது. எண்ணியது நீ.

நங்கோபியின் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாபிர்யேயின் தோளைத் தொட்டு, "நாப்பது" என்றாய். என் தோளைத் தொட்டும், "நாப்பது" என்றாய்.

"ஏன் சார், டீச்சரம்மா என்ன என் நிழலா?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு முக்கெம்போ வென்றதாக அறிவித்தாய்.

சுற்றுலாவில் ஒரு பிள்ளை எண்ணிக்கையில் விட்டுப்போனால், "முதல்லேருந்து எண்ணுங்க" என்று பேருந்தையே நிறுத்துவாயே.

இன்று மைதானத்தைக் கயிறு பிடித்து அளக்கிறார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அந்தத் தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாழைக்காய் மசியல் செய்வேன். தட்டுகளைச் சரியாக எண்ணி வைப்பேன். நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
நாற்பத்தொன்றாவதாக நின்றவள்