கழுநீர் வாளி

12.6.1997, வியாழன்

அரிசி களைந்த தண்ணீரை இன்றும் வாளியில் பிடித்து, மாடி இறங்கி, எதிரே உள்ள மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். கழனியிலேயே காலம் கழித்தவள் நான். கழுநீரைச் சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வராது.

கொட்டகை காலி. "மாட்டை வித்துட்டோம்மா, இங்க ஆபீஸ் கட்டறாங்க" என்றாள் பால்காரி. வாளியோடு திரும்பி ஏறினேன்.

வாசலில் பேத்தி நின்றாள். "பாட்டி, நாளையிலேர்ந்து ஸ்கூலுக்கு வேன் வருது. நீ என்கூட வர வேணாம்."

"இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை" என்றாள் மருமகள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

பேத்தியை வளர்க்கத்தான் கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு பெங்களூரில் இந்தத் தொம்மலூருக்கு வந்தேன்.

வாளி இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. புளித்த வாடை படுக்கைவரை வருகிறது. விடிந்தால் மறுபடி அரிசி களைய வேண்டும்.