தியோடுலாவுக்கு மெழுகுவர்த்தி வேண்டாம்

இலோயிலோ,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிதான் படியேறும்போது முனகுகிறது. அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதா காப்பாற்றட்டும். உன் தம்பி போன புயலில் பிய்ந்த கூரைத் தகரத்தை ஒருவழியாக மாற்றிவிட்டான், கொல்லையில் மாமரம் பூத்திருக்கிறது. ஆனால் நீ கேட்க நினைப்பது இதெல்லாம் இல்லை. நீ எடுத்து அனுப்பிய டிக்கெட்டில் நான் ஏன் விமானம் ஏறவில்லை, அதன்பிறகு போனை ஏன் எடுக்கவில்லை என்பதுதான் உன் கோபம். போனில் என்றால் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பாதியில் நிறுத்தாமல் முழுதும் படி.

எங்கள் நர்சிங் வகுப்புக்கு இது ஐம்பதாவது வருஷம். பிப்ரவரி வந்தால் நாங்கள் கூடுவதும், ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டு ஆடுவதும் நீ குழந்தையிலிருந்து பார்த்ததுதான். ஆனால் கடைசியில் பெயர் கூப்பிடுவோமே, அதை நீ நின்று கவனித்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தைய பெயரைத்தான் கூப்பிடுவோம், புருஷன் பெயர் அங்கே செல்லாது. இறந்துபோனவள் பெயர் வந்தால் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, எழுந்து நின்று, அவளுக்காக ‘உள்ளேன்’ என்று சொல்வாள். பெயர் வரிசைப்படி உட்கார வைத்ததில் எனக்குப் பக்கத்தில் வாய்த்தவள் தியோடுலா.

இந்த வருஷம் அமெரிக்காவில் இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு உல்லாசக் கப்பலில் கூடுவதாக முடிவு செய்தார்கள். ஓட்டுப் போட்டார்களாம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அங்கே வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள், ஓட்டு வேறு எந்தப் பக்கம் விழும். வகுப்புத் தலைவி பெர்பெத்துவா சிகாகோவிலிருந்து கூப்பிட்டு, “சால்வா, கோவிச்சுக்காதடி. அங்க இருக்கறது நீங்க ஆறேழு பேர்தான். விசா கிடைச்சா வாங்க, இல்லேன்னா வீடியோவுல பாத்துக்குங்க” என்றாள். அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். அடுத்து நிகழ்ச்சி நிரலை எங்கள் குழுவில் போட்டாள் பார், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. மெழுகுவர்த்தி ஏற்றும் பெயர்களோடு தியோடுலாவின் பெயரும் இருந்தது. அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறாள், எல்லாம் உண்மை. ஆனால் அவள் சாகவில்லை. பெர்பெத்துவாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அவளால வரமுடியாதுல்ல. பேரைக் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலேன்னா அசிங்கமா இருக்குமேன்னுதான் அந்தப் பக்கம் போட்டேன். ஒரு மரியாதைக்குத்தான்டி” என்கிறாள். “உசுரோட இருக்கறவளுக்கு மெழுகுவர்த்தி ஏத்தறதுதான் மரியாதைன்னா, இரு, உனக்கும் ஒண்ணு ஏத்தி வைக்கிறேன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

தியோடுலாவும் அதைப் பார்த்துவிட்டாள். நான் வார்டுக்குப் போனபோது கையில் குழாயோடு படுத்திருந்தாள். “போட்டா போட்டுட்டுப் போறாங்க விடு, எப்படியும் எனக்காக எந்திரிச்சு நிக்கப்போறது நீதானே” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, போர்வையை இழுத்துக்கொண்டு, “இந்த ஒரு தடவை நானே ‘உள்ளேன்’னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் சால்வா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரோவேனா, நான் உன் விமானத்தில் ஏறவில்லை. “எழுபது தாண்டினப்புறம் இதென்னம்மா வீம்பு, அவங்க கப்பல்ல போனா போறாங்க, நீ இங்க வந்து பேரப்பிள்ளைங்களோட இரு” என்று சொன்னாயே. வீம்புதான், இல்லை என்று சொல்லவில்லை. கப்பல் கிளம்புகிற அதே நாளுக்கு, இங்கே இருக்கிற நாங்கள் ஆறேழு பேரும் கூட மாதா கோவில் மண்டபத்தை எடுத்தோம்.

டாக்டர் பையன் தியோடுலாவை வெளியே விடவே கூடாது என்றான். நான் அவன் பிறப்பதற்கு முன்பே வெள்ளைத் தொப்பி போட்டவள், அவள் டயாலிசிஸ் முறையை முந்தின நாளுக்கு மாற்றச் சொல்லி, ஆக்சிஜனும் கூடவே நானும் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். எல்லாரும் மஞ்சள் சட்டை. பன்சித் நூடுல்ஸ் செய்தோம், அவளுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக. ஒரு வாய் வைத்துவிட்டு, “இதைத் திங்கறதுக்கு நான் மெழுகுவர்த்தியாவே இருந்திருக்கலாம்” என்றாள். ஆட்டமும் உண்டு, நானும் ஆடினேன், முட்டிக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவே வேண்டாம்.

பிறகு நான் பெயர் கூப்பிட்டேன். கப்பலில் இருப்பவர்களையும் விடவில்லை, அவர்களும் எங்கள் வகுப்புதானே. பெர்பெத்துவா பெயர் வந்ததும் சக்கர நாற்காலியிலிருந்து, “வரலை. ஆப்சென்ட் போடு” என்றாள் தியோடுலா. சிரித்து முடிக்கவே நேரமானது. அவள் பெயர் வந்தபோது இரண்டு பேரிடம் தன்னைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கி நிறுத்தினார்கள். “உள்ளேன்” என்றாள், காற்றுதான் வந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. “இன்னொரு தடவை கூப்பிடு” என்று என்னை அதட்டினாள். கூப்பிட்டேன். அந்தத் தடவை சொன்னது மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் பாதிரியாருக்கே கேட்டு, அவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். நான் அழுதேன், எல்லார் முன்னாலும்தான் அழுதேன்.

பெர்பெத்துவா இப்போது தினம் கூப்பிடுகிறாள். எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றும்போது எடுப்பேன். உனக்கும் அதையே சொல்கிறேன், பிப்ரவரி தவிர வேறு எந்த மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வந்து உன் சமையலறையில் நிற்கிறேன். பிப்ரவரியை மட்டும் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ஷிப்ட் முடிந்து பனியில் நீயே வண்டி ஓட்டாதே. நீ கையை வைத்த காரியமெல்லாம் துலங்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். மறக்காமல் கனமான கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு, அந்த வார்டில் தியோடுலாவுக்குக் கால் விறைத்துப்போகிறது. வழக்கம்போல் கப்பலில் வரும் பெட்டியில் போடாதே, அது வந்து சேர இரண்டு மாதம் ஆகும். விமானத் தபாலில் போடு, நாளைக்கே போடு.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா,
சால்வசியோன்