பிடித்து வைக்கும் பிளேட்டு

மாப்புள,

பேத்தி வாயிலிருந்து கழட்டிய ஒன்றைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். முகம் கழுவப் போனபோது பார்த்தேன். ஈறு நிறத்தில் ஒரு வளைவு, முன்னால் மெல்லிசாக ஒரு கம்பி. உன்னுடையது மாதிரியே. எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. திரும்பத் தண்ணீரில் போட்டேன். நீ செத்துப்போனதை உன் மகன் இந்தியாவிலிருந்து போனில் சொன்ன அன்றும் இப்படித்தான். சரிப்பா என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரொட்டி ஆறிப்போயிருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்திதான் எழுதுகிறாள்.

"அது என்னம்மா?" என்று கேட்டேன்.

"ரிட்டெய்னர் தாத்தா. ரெண்டு வருசமா பிரேசஸ் போட்டிருந்தேன்ல, பல்லுப் பல்லா ஒட்டின பிராக்கெட், அதுக்குள்ள ஓடின கம்பி? அது பல்லை இழுத்துட்டு வந்துச்சு. வந்த பல்லு திரும்பிப் போகாம இது பிடிச்சு வைக்கும்."

உன் வாயில் மாட்டியிருந்த இரண்டாவது பிளேட்டுக்குப் பெயர் ரிட்டெய்னர், மாப்புள. அறுபது வருசம் கழித்து எனக்குத் தெரிகிறது.

வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். நோர்வூட்டுக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில், உனக்கு வலப்பக்கக் காம்பரா, எனக்கு அடுத்தது. இரண்டு பேரும் ஒரே மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினோம். உனக்கு அப்படி ஒரு குரல். காமன் கூத்தில் ரதி வேசம் கட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. முன்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே நிற்கும். கூத்து மாஸ்டர் உன்னை வருசா வருசம் தோழிப் பெண்ணாக ஓரத்தில் நிறுத்தினார். "ரதி வாயைத் தொறந்தா மன்மதன் ஓடிருவான்டா" என்று லயமே சிரித்தது. அன்றிலிருந்து நீ கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரித்தாய்.

தோட்டத்து மருந்துக்காரர் ஐயா பல் டாக்டருக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஹட்டனில் ரயிலேறிக் கண்டிக்குப் போனோம். அரசாங்கப் பல் டாக்டர், சிங்கள மனிதர், நம் பாஷையைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். இடம் பண்ண வேண்டும் என்று முதல் வேலையாக இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கினார். வாயில் பஞ்சோடு வெளியே வந்து, "நேராக்க வந்தேன்டா, கொறச்சு அனுப்புறான்" என்றாய். பிறகு கம்பி வைத்த பிளேட்டு. மாதம் ஒரு தடவை போனால் கம்பியைக் கொஞ்சம் இறுக்கி அனுப்புவார். அன்று முழுக்க நீ கஞ்சிதான் குடிப்பாய். ஒரு வருசத்துக்கு மேல் அப்படிப் போனது. பல் உள்ளே வந்துவிட்டது. கண்ணாடியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தாய்.

அப்போதுதான் இரண்டாவது பிளேட்டைக் கொடுத்தார். "இது இழுக்காது, பிடிச்சு வைக்கும். பல்லுக்குப் பழைய எடம் ஞாபகம் இருக்கும். கழட்டினா போயிரும்" என்றார். இன்னும் என்னவோ சொன்னார். தண்ணீர் என்ற சொல் மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. நீயோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த மாசியில் மாஸ்டர் ரதி வேசத்தை உனக்குக் கொடுத்தார். காப்புக் கட்டினால் பௌர்ணமி வரைக்கும் விரதம், தோட்ட எல்லை தாண்டக் கூடாது. மாஸ்டர் உன் வாயைப் பார்த்தார்.

"எச்சில் சாமானோட காப்புக் கட்ட மாட்டேன்."

"மாஸ்டர், கழட்டினா பல்லு ஓடிருமுங்க."

"ஓடுற பல்லு ரதிக்கு எதுக்குடா? சரி, தீட்டுப் போகச் சுத்தம் பண்ணிக் கொண்டா."

சுத்தம் பண்ணுகிறேன் என்று வாங்கிப் போனவன் நான். வேறு எப்படிச் செய்வேன் மாப்புள? தீட்டுப் பட்ட சட்டியை நம் வீட்டில் எப்படிச் செய்வார்களோ அப்படித்தான். கேத்தலில் மஞ்சளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அதில் அதைப் போட்டு, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் விட்டேன். எடுத்தபோது மெழுகு மாதிரி கொஞ்சம் கொழகொழத்திருந்தது. பச்சைத் தண்ணீரில் காட்டினேன், இறுகியது. நன்றாயிருக்கிறது என்று நினைத்தேன்.

காப்புக் கட்டிய பிறகு போட்டுப் பார்த்தாய். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினாய், ஈறில் ரத்தம் வந்தது.

"ஏன்டா இப்படி?"

"குளிருக்குச் சுருங்கிருச்சு போல" என்றேன். அந்த வருசம் நல்ல பனி. நீ நம்பினாய்.

எல்லை தாண்ட முடியாது, டாக்டரிடம் போக முடியாது. பௌர்ணமிக்குள் முன்பல்லுக்கு நடுவில் சந்து விழுந்துவிட்டது. ஆனாலும் காமன் எரிந்த பிறகு ரதியாக நீ அழுது பாடினாய், ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கூத்து முடிந்து கண்டிக்குப் போனால், அந்த டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மாசிக்குள் பல் பழைய இடத்துக்குப் போனது. ரதி வேசமும் வேறொருத்தனுக்குப் போனது. நீ மறுபடி தோழிப் பெண்.

அதற்குச் சில வருசம் கழித்து உன் குடும்பம் இந்தியாவுக்குப் பேர் பதிந்து கிளம்பியது. ஹட்டன் ஸ்டேசனில் பிளேட்டை என் கையில் வைத்து, "குளிருக்குச் சுருங்குன சாமான், குளிரிலேயே கெடக்கட்டும்" என்று சிரித்தாய். கையால் வாயை மறைத்துக்கொண்டுதான். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் அந்தக் குளிரைப் பற்றி எழுதுவாய். வாசித்துக் காட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

குளிர் இல்லை மாப்புள. நான்தான்.

இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நேற்று அவள் ரிட்டெய்னரைக் கழுவச் சுடுதண்ணியைச் சாய்த்தபோது, கையைப் பிடித்து, "வேணாம்மா, வளைஞ்சிரும்" என்றேன். "உங்களுக்கு எப்படித் தாத்தா தெரியும்?" என்றாள். தம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

"எழுதும்மா" என்றேன். எழுதினாள்.

உன்னுடையது என் டிரங்குப் பெட்டியில், தைலப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பி துருப்பிடிக்கவில்லை. எடுத்துக் காட்டினேன். பேத்தி அதைத் தன் ரிட்டெய்னருக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள். அவளுடையது நான்கு பக்கமும் படிந்து கிடந்தது. உன்னுடையது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினேன். விட்டதும் மறுபடி தூக்கிக்கொண்டது.