என் காருக்காக நீங்கள் கண்டிக்கு வந்த நாள்

நானா, இன்று காலை மருமகள் அலுமாரியைத் திறந்து குளிர்ச்சட்டைகளை வெளியே எடுத்தாள். பூச்சி உருண்டையின் நெடி வீடெங்கும் பரவியது. எனக்கு உங்கள் சாம்பல் நிறக் கோட்டுதான் ஞாபகம் வந்தது. மாத்தளை வெயில் கொளுத்தினாலும், இன்சூரன்ஸ் வேலையாகப் புறப்பட்டால் அதை மாட்டாமல் இருக்க மாட்டீர்கள். "நம்பி காசு தாராங்க தம்பி, ஒழுங்கா போய் நிக்கணும்" என்பீர்கள்.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்கடுவ ரோட்டில் எனக்கொரு சின்னக் கடை. டவுனிலிருந்து சாமான் ஏற்றிவர ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கினேன். அதற்குக் காப்புறுதி எடுத்துத் தந்த ஏஜண்ட் நீங்கள். உங்கள் முஸ்லிம் வழக்கப்படி நான் உங்களை நானா, அதாவது அண்ணன், என்றேன்; நீங்கள் என்னைத் தம்பி என்றீர்கள். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பெண்களுக்குப் பிரசவ வலி கண்டால் அவர்கள் வீட்டார் என் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். நானும் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவேன். காசு வாங்கியதில்லை. அதைப் பார்த்துத்தான் காப்புறுதியைப் புதுப்பிக்கிற நேரத்தில் அந்த யோசனையைச் சொன்னீர்கள்.

"ஆள் ஏத்துறீங்கதானே, வாடகைக் கார்னு பதிஞ்சிடுவோம். நாளைக்கி ஒண்ணு நடந்தாலும் பயமில்ல. கட்டணம் பெருசா கூடாது."

நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். கட்டணம் கூடியது, நானா. என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியாத அளவுக்குக் கூடியது. "காரை வித்துருங்க. கடையில வர்றதெல்லாம் இதுக்கே போயிரும்" என்றாள் என் மனைவி. உங்கள் மேல் எனக்குக் கோபம். கட்ட வழியில்லாமல் பழைய காப்புறுதியும் முடிந்துபோக, காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன்.

கார் அப்படி நின்ற ஒரு பின்னேரம், லயத்திலிருந்து மாரிமுத்து மூச்சிரைக்க வந்தான். "ஐயா, பொஞ்சாதிக்கு வலி வந்திருச்சுங்க, வண்டிய எடுங்க." காப்புறுதி இல்லாத காரை ரோட்டில் எடுக்க முடியாது என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வேறு வழியில்லாமல், யாரிடம் கோபமோ அவரிடமே போனேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மச்சானின் வேனைக் கேட்டு வாங்கி, நீங்களே ஓட்டி வந்தீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள்தான் பேச்சை ஆரம்பித்தீர்கள். "தம்பி, நான் சரியா விசாரிக்காம சொல்லிட்டேன். நாளைக்கி கண்டி இன்சூரன்ஸ் ஆபீசுக்கு போவோம்." உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டுச் சிரித்தோம்.

கண்டி ஆபீசில் மேனேஜர் தமிழ் தெரிந்தவர். விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் தட்டினார். "வாடகைக் கார் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் எழுந்து நின்றீர்கள். "கையெழுத்து அவர்ட, சேர். அப்படி எழுதச் சொன்னது நான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு உங்களை நிதானமாகப் பார்த்தார். "இதை எழுதித் தந்தால் கொழும்புத் தலைமை ஆபீசில் உங்களைத்தான் பிடிப்பார்கள். தெரியுமா?"

"தெரியும், சேர்."

அங்கேயே அதை எழுதிக் கொடுத்தீர்கள். பிறகு மேனேஜர் என்னிடம் திரும்பி, ஏற்றிப்போகிறவர்களிடம் ஒன்றுமே வாங்குவதில்லையா என்று கேட்டார். "எப்பவாவது ஒரு வாழைக்குலை குடுப்பாங்க சார்" என்றேன். நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள். மேனேஜர் சிரித்துவிட்டார். "வாழைக்குலைக்கு வாடகைக் கட்டணம் கேட்க முடியாதுதான்."

கொழும்பிலிருந்து பதில் வந்தது. பழைய கட்டணமே போதும் என்றார்கள். கார் மறுபடியும் தோட்டத்து மேட்டில் ஏறியது. உங்கள் ஏஜன்சியைப் பறித்துவிட்டார்கள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லவேயில்லை. சந்தைக்குப் போன இடத்தில் உங்கள் மச்சான் சொல்லித்தான் தெரியும். பதறிக்கொண்டு வந்தேன். நீங்கள் வீட்டு முன்னறையில் சைக்கிள் டயர்களைத் தொங்கவிட்டுக் கொண்டிருந்தீர்கள்.

"ஏன் நானா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க காரை வித்து எனக்கு காசு தர வருவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? பொழைக்கிற வழி அல்லாஹ் தாரது. ஏணியக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். அன்று பொழுது சாயும்வரை உங்கள் புதுச் சைக்கிள் கடையை இருவருமாக அடுக்கினோம். அதன் பிறகு நீங்கள் வாழ்ந்த காலமெல்லாம் அதுவே உங்கள் தொழில். கோட்டு போட்டு நீங்கள் புறப்பட்டதை நான் மறுபடி பார்க்கவில்லை. நீங்கள் ஒருநாளும் அதைக் குறையாகப் பேசியதில்லை. எனக்குத்தான் இன்னும் அது உறுத்துகிறது.

இப்போது ஊரில் என்னையும் பெரிய மனிதன் என்று நினைத்து யோசனை கேட்க வருகிறார்கள், நானா. காணி, கடன், பிள்ளைகளின் வேலை என்று ஏதாவது. தெரிந்ததைச் சொல்கிறேன். சொல்லி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடிவதில்லை. அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்கோ வங்கிக்கோ அவர்கள் போகிற நாளில் நானும் வேட்டியை மாற்றிக்கொண்டு கூடவே பஸ் ஏறிவிடுகிறேன். "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது.