நாற்பத்தொரு பொருத்தம்

பிப்ரவரி 4, 2025
ஷமா அக்கா பதினெட்டாம் தேதி சென்னையில் ஆய்வுக் கருத்தரங்கில் பேசப்போகிறாள். வீட்டில் பிரியாணி. படிப்பைப் பாதியில் விட்ட எனக்கும் ஒரு தட்டு.

அவள் காட்டப்போவது நான் எழுதிய ப்ரோகிராம். புரதத்தில் ஒவ்வொரு அணுவும் ஒரு புள்ளி. மருந்து போய் உட்காரும் குழியைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிகள். வேறொரு புரதத்திலும் அதே இடைவெளிகளில் புள்ளிகள் இருந்தால் அதே மருந்து அங்கேயும் உட்காரும். இவ்வளவுதான். இதைச் சொல்ல அவளுடைய பிஎச்.டி. கைடுக்கு நாற்பது நிமிடம் வேண்டும். அந்த மனிதருக்குக் கோட் எழுத வராது. போட்டுக்கொள்ள மட்டும் வரும்.

பிப்ரவரி 7
அக்கா ஓட்டிப் பார்த்ததில் நாற்பத்தொரு பொருத்தம் கிடைத்ததாம். போனில், "சரியா இருக்குமாடா? ஒரு வாட்டி பாரு" என்றாள்.
பார்க்கவில்லை. என் ப்ரோகிராமைச் சந்தேகப்பட இவள் யார்?

பிப்ரவரி 11
அத்தாவின் கடைக்கு வந்த ரப்பர் பூட்ஸ் மூட்டை கிழிந்து எல்லாம் கலந்துவிட்டது. நம்பர் பார்த்து ஜோடி சேர்த்து உப்பளத்துக்கு அனுப்பினேன். இருபது நிமிடம். அத்தா என்றால் ஒரு நாள் ஆகியிருக்கும்.

பிப்ரவரி 13
உப்பளத்தில் வேலை செய்யும் ராசம்மாள் கடைக்கு வந்து பூட்ஸை மேசைமேல் வைத்தார்.

"ஏம்பா தவுசீப், ரெண்டும் ஏழாம் நம்பர்தான், கொறையே சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டும் எடது காலு. எனக்கு வலது காலு இருக்குதா இல்லியான்னு நீயே பாத்து சொல்லு."

அத்தா சிரித்தது ஈ.சி.ஆர் வரைக்கும் கேட்டிருக்கும். மறுபடி ஜோடி சேர்க்க உட்கார்ந்தேன். இடது, வலது. நீளம் ஒன்று, அகலம் ஒன்று, எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் அளந்தாலும் ஒன்று. ஆனால் கால் நுழையாது —

அய்யோ.

நான் இடைவெளி மட்டுந்தானே பாத்தேன்? கண்ணாடில தெரியிற உருவத்துக்கும் அதே இடைவெளிதான். அதுல மருந்து எப்டி உக்காரும்? முட்டாப் பய. நாந்தான்.

பிப்ரவரி 14
இடம் வலம் பார்க்க நாலு வரி சேர்த்து ஓட்டினேன். நாற்பத்தொன்றில் பத்தொன்பதுதான் நிற்கிறது. அவள் முதலில் காட்டவிருந்த காசநோய்க் கிருமிப் புரதமும் காலி.

சொல்லாமல் விட்டால்? கைடுக்குத் தெரியாது. கேட்க வர்றவங்க பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வர்றவங்க. ஆனா ஒருத்தன் எழுந்து கேட்டா — அங்க நிக்கப்போறது அவதானே, நானா?

பிப்ரவரி 15
சொல்லிவிட்டேன். எத்தனை தேறும் என்று மட்டும் அக்கா கேட்டாள். அப்புறம், "அன்னிக்கே பாருன்னு சொன்னேன்டா." வைத்துவிட்டாள். திட்டித் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 18
அக்கா கருத்தரங்கில் பேசவில்லை. பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். வெளியாள் எழுதியதைச் சோதிக்காமலா நம்பினாய் என்று கைடு கேட்டாராம். அம்மா சொன்னாள். அந்த ஆள் சொன்னதில் முதல்முறையாக எனக்குத் தப்பு கிடைக்கவில்லை.

பிப்ரவரி 26
அக்காவிடமிருந்து போன் இல்லை, மெயில். பத்தொன்பதின் பட்டியல். கீழே ஒரே வரி: "ஒவ்வொண்ணா பாத்து அனுப்பு."
மூன்று முடித்தேன். மூன்றாவதில் எனக்கே சந்தேகம். முதலிலிருந்து திரும்பப் பார்க்கிறேன்.