சிவப்பு வெள்ளைக் கல்

புரட்டாதி 11, ஞாயிறு

இத்தாலியில் இருக்கும் தங்கை சுகந்தி பின்னேரம் வீடியோ கோல் எடுத்தாள். விசா கிடைத்தால் சித்திரையில் நாங்கள் இருவரும் நடக்கப்போகும் கடற்கரை மலையைக் காட்டவென்றே அங்கே போயிருந்தாள். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், கீழே கடல்.

"இந்தப் பழத்தில வடிச்ச வைன் ஒரு வாயெண்டாலும் நீ குடிக்க வேணும், அக்கா."

"முதல்ல வந்து சேருறன், பிறகு பாப்பம்" என்றேன்.

நடந்தபடியே போனைப் பாதைப் பக்கம் திருப்பினாள். ஓரத்தில் ஒரு கல். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. அவள் அதைத் தாண்டக் கால் தூக்கினாள்.

"நில்லடி! அசையாதை!"

நான் போட்ட சத்தத்தில், குசினியில் இவர் தேத்தண்ணிக் கோப்பையை விழுத்திவிட்டார்.

நான் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகத் தொடங்கி எத்தனையோ வருஷம். அங்கே சிவப்புப் பூசிய கல்லுக்கு அப்பால் வெடி இருக்கும்; ஒருவரும் கால் வைப்பதில்லை. சுகந்திக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, இது நடக்கிற ஆக்களுக்கு வழி காட்ட அடிச்ச பெயின்ற். இதைக் கண்டா சரியான வழியில போறம் எண்டு அர்த்தம்."

அப்படியும் ஒரு ஊர் இருக்கிறது.

விசா வருமோ தெரியாது. அந்த இடத்தில் என் கால் எழும்புமோ, அதுவும் தெரியாது. ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். அந்தக் கல்லை முதலில் நான்தான் தாண்டுவேன். சுகந்தி என் அடியில் அடி வைத்துப் பின்னால் வரட்டும்.