தோலும் மருந்தை மாற்றுமாம், அக்கா

என் செல்ல அக்கா,

போன கிழமை அம்மா, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கக் கொழும்புக்கு வந்தார். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

ஆய்வுகூடத்தில் நான் மனிதத் தோலின் உயிரணுக்களை வளர்க்கிறேன். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கும் தோலில் ஒரு சிறு துண்டைச் சிலர் மனமுவந்து தருவார்கள். அதிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, சத்துநீர் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்தால் தட்டின் அடியில் ஒட்டிப் பெருகும். பிறகு கொஞ்சம் மருந்து விட்டு, அதை அவை என்னவாக மாற்றுகின்றன என்று பார்ப்போம். அது ஈரலின் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோலும் மாற்றுமாம். சிலரின் உடம்பு தன் தோலையே எரித்துவிடுவது அதனால்தானா?

ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி, உயிலங்குளத்தில் தகரக் கொட்டிலில் இருந்தோம். முகாம் பழக்கத்தில் 'ஆமா' என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஓம்' என்பாய். அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்போம். அப்போதுதான் உன் வலிப்புக்குப் புதுக் குளிசை தந்தார்கள். இரண்டு கிழமையில் நெஞ்சும் முதுகும் சிவந்தன.

"இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்லைப் போல. நிப்பாட்டட்டே?" என்று கேட்டாய்.

"தகரத்து வெக்கைதான் அக்கா. விட்டால் வலிப்பு வந்திடும், போடு" என்றேன்.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் தங்கச்சி சொன்னாள் என்று நீ நம்பினாய். மூன்றாம் நாள் வாயெல்லாம் புண். ஆஸ்பத்திரியில், தோல் உரிந்து வந்துவிடுமென்று, உன்னைத் திருப்பிப் படுக்க வைக்கவே தாதிமார் பயந்தார்கள். நீ வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அம்மா நுண்காட்டியில் கண் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது ஆருடைய தோல் பிள்ளை?"

"பேர் சொல்லமாட்டினம் அம்மா."

"ஆராயிருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, அக்கா அந்தக் குளிசையை நிப்பாட்டக் கேட்டவ. நான்தான் போடச் சொன்னனான்."

அம்மா நிமிரவில்லை. "தெரியும். அடுப்படியில நிண்டு கேட்டனான். அதை விழுங்கத் தண்ணி கொண்டுவந்து குடுத்தது நான்தானே?"

இத்தனை வருஷமும் அவர் அதைத் தனியே சுமந்திருக்கிறார். கதிரையில் இருத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். "அவள் எங்களைக் கோவிச்சிருக்கமாட்டாள்" என்றார். கோவிக்கவில்லைத்தானே, அக்கா?

உன் தோலுக்குள் என்ன நடந்தது என்பதை இந்தத் தட்டுகள் சொல்லப்போவதில்லை. அவை வேறு யாருக்காவது உதவலாம், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் எங்கள் ஊர்ப் பக்கம், நறுவிலிக்குளத்துத் தாய்மாரிடம் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். புதுக் குளிசை போட்டுத் தோல் சிவந்தால் அன்றைக்கே டாக்குத்தரிடம் போங்கோ என்று சொல்வேன். உன் பேரைச் சொல்லித் தொடங்குவேன். நான் உனக்குச் சொன்ன அந்த வார்த்தையையும் மறைக்கமாட்டேன். இது சத்தியம்.

இனி உன் சொல் கேட்கும் தங்கச்சி,
சுதா